கடலுக்குச் சட்டம் எழுதிய சிங்கப்பூர் வக்கீல்

2007 நவம்பரில் நெதர்லாந்தின் தி ஹேக் நகரில், அனைத்துலக நீதிமன்றத்தில், ஒரு பாறைக்காகச் சிங்கப்பூரும் மலேசியாவும் வழக்காடிக்கொண்டிருந்தன. நிஜமாகவே பாறைதான். நீளம் 137 மீட்டர், சராசரி அகலம் 60 மீட்டர், நீர் வற்றிய நேரத்தில் அளந்தால் 8,560 சதுர மீட்டர். போர்த்துகீசியர் வைத்த பெயர் பெத்ரா பிராங்கா. மலாய்ப் பெயர் பத்து பூத்தே. இரண்டுக்கும் பொருள் ‘வெள்ளைப் பாறை’. கடற்பறவைகளின் எச்சம் செய்த வெள்ளையடிப்பு அது.

சிங்கப்பூர்த் தரப்பின் அதிகாரபூர்வப் பிரதிநிதியாக அங்கே எழுந்து நின்றவர் டாமி கோ. வாதங்கள் நடந்துகொண்டிருந்த அந்த மாதம் 12ஆம் தேதிதான் அவருக்கு 70 வயது நிறைந்தது. சட்டத்தில் பட்டம் வாங்கி 46 ஆண்டுகள் ஓடியிருந்தன. அவற்றில் அவர் வக்கீலாகத் தொழில் நடத்திய காலம் என்று பெரிதாக எதுவும் இல்லை. கொஞ்ச காலம் வகுப்பறை, மிச்சம் முழுக்க மாநாட்டு மேசை.

வக்கீலுக்குப் படித்தவர் தூதரானால், ‘பேச்சுத்திறமை கைகொடுத்திருக்கும்’ என்றுதான் நாம் நினைப்போம். கோ விஷயத்தில் எனக்கு அது அவ்வளவு பொருத்தமாகத் தெரியவில்லை. கோர்ட்டில் நிற்கும் வக்கீலுக்கு ஒரே கட்சிக்காரர். எதிர்த்தரப்பு தோற்றால் போதும். 150 நாடுகள் உட்கார்ந்திருக்கும் மாநாட்டில், தான் தோற்றுவிட்டதாக நினைக்கும் நாடு கையெழுத்துப் போடாமல் எழுந்து போய்விடும். ஆகவே அங்கே தலைமை தாங்குகிறவருக்கு ஜெயிக்கிற புத்தி உதவாது. சட்டப் படிப்பிலிருந்து கோ எடுத்துக்கொண்டவை வேறு பழக்கங்கள்: வரைவில் ஒவ்வொரு சொல்லையும் நிறுத்துப் பார்ப்பது, பெரிய தகராறைத் துண்டுதுண்டாக வெட்டித் தனித்தனியாகத் தீர்ப்பது, எப்படிப் பேசுவது என்பதை முதலிலேயே பேசி முடிவுசெய்துகொள்வது.

கோ 1937இல் சிங்கப்பூரில் பிறந்தவர். அப்போது சிங்கப்பூரில் இயங்கிய மலாயாப் பல்கலைக்கழகத்தில் சட்டப் படிப்பு புதிதாகத் தொடங்கியபோது அதன் முதல் அணி மாணவர்களில் ஒருவர். 1961இல் முதல் வகுப்பில் தேறினார். அதே வகுப்பில் படித்தவர் சான் செக் கியோங், பிற்காலத்தில் சிங்கப்பூரின் தலைமை நீதிபதி. அவரும் 2007இல் தி ஹேக்குக்குப் போய், பதவியில் இருக்கும் தலைமை நீதிபதியாகவே தன் நாட்டுக்காக வாதாடினார்.

பட்டம் வாங்கிய பின் கோ தொழில் பழகியது டேவிட் மார்ஷலிடம். அந்த சீனியரைப் பற்றித் தனியாகவே எழுதலாம். பாக்தாத் யூத வம்சாவளி, குற்ற வழக்குகளில் பேர்பெற்ற வக்கீல், 1955இல் சிங்கப்பூரின் முதல் முதலமைச்சர். மறுவருடம் லண்டனில் தன்னாட்சிப் பேச்சு முறிந்ததும், சொன்ன சொல்படி பதவியை விட்டு இறங்கினார். பிறகு எதிர்க்கட்சி, எதிர்ப்புக் குரல் என்று அரசுக்குத் தலைவலியாக இருந்தவரை, 1978இல் அதே அரசு பிரான்சுக்குத் தூதராக அனுப்பியது. 15 ஆண்டுகள் பாரிஸில் இருந்தார். அதாவது சீனியரும் வக்கீலாக இருந்து தூதரானவர்தான். என்ன, ஜூனியர் பத்து வருடம் முந்திக்கொண்டார்.

மார்ஷலின் அலுவலகத்தில் கோ நீடிக்கவில்லை. 1962இல் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராகச் சேர்ந்தார். ஹார்வர்டில் மேற்படிப்பு, கேம்பிரிட்ஜில் குற்றவியல் பட்டயம் என்று முடித்துத் திரும்பும்போது நாடே மாறிப்போயிருந்தது. 1965 ஆகஸ்ட் 9 அன்று மலேசியாவிலிருந்து பிரிந்த சிங்கப்பூர், செப்டம்பர் 21 அன்று ஐ.நா.வின் 117ஆவது உறுப்பு நாடானது. உறுப்பினர் ஆகியாயிற்று, அனுப்ப ஆள் வேண்டுமே? பழைய வெளியுறவுத் துறை என்று ஒன்று கிடையாது. வெளியுறவெல்லாம் அதுவரை லண்டனும் கோலாலம்பூரும் பார்த்துக்கொண்டவை. முதல் வெளியுறவு அமைச்சர் எஸ். ராஜரத்தினமே பத்திரிகைக்காரர், யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் பிறந்து, மலாயாவின் சிரம்பானில் வளர்ந்தவர். புது நாட்டுக்கு அவர் கல்லூரி, பத்திரிகை, வணிகம் என்று கிடைத்த இடத்திலெல்லாம் ஆள் தேட வேண்டியிருந்தது. அந்தத் தேவைதான் 1968இல் 30 வயதுச் சட்ட ஆசிரியர் ஒருவரை நியூயார்க்கில் நிரந்தரப் பிரதிநிதியின் நாற்காலியில் உட்கார வைத்தது.

1971இல் கோ ஊர் திரும்பிச் சட்டத் துறையின் தலைவரானார். நியூயார்க்கில் அவர் இடத்துக்குப் போனவர் அதே துறையின் இன்னொரு ஆசிரியரான எஸ். ஜெயகுமார், சிங்கப்பூர்த் தமிழர். 1974இல் இருவரும் இடம் மாற்றிக்கொண்டார்கள்: கோ மறுபடி ஐ.நா.வுக்கு, ஜெயகுமார் துறைத் தலைவர் பதவிக்கு. நாட்டில் எத்தனை ஆள் இருந்தார்கள் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். ஜெயகுமார் பின்னால் சட்ட அமைச்சராகவும் வெளியுறவு அமைச்சராகவும் துணைப் பிரதமராகவும் ஆனார். பாறை வழக்கில் கோவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரும் அவரே.

கோவின் இரண்டாம் முறை ஐ.நா. வாசம் பத்தாண்டு நீண்டது. அதில் பெரும்பகுதியைக் கடல் விழுங்கியது.

கடலுக்கு ஏன் அப்போது திடீரென்று சட்டம் தேவைப்பட்டது? பழைய வழக்கப்படி கரையிலிருந்து 3 கடல் மைல்வரை ஒரு நாட்டின் கடல். பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம் என்று அதற்கு ஒரு கணக்கு சொல்வார்கள். அதற்கு அப்பால் யாருக்கும் சொந்தமில்லை, எல்லாரும் போகலாம். 1945இல் அமெரிக்காவின் ட்ரூமன் தன் கரையோரக் கடலடியின் வளம் தங்களுக்கே என்று அறிவித்து அந்த வழக்கத்தில் முதல் ஓட்டையைப் போட்டார். 1952இல் சிலி, பெரு, ஈக்வடார் மூன்றும் 200 மைல் கேட்டன. ஆளுக்கொரு கோடு என்று ஆகிவிட்டது. இதற்கிடையே 1967 நவம்பர் 1 அன்று மால்ட்டாவின் தூதர் ஆர்விட் பார்டோ ஐ.நா.வில் ஒரு நீண்ட உரை ஆற்றினார். ஆழ்கடல் தரையில் மாங்கனீசும் நிக்கலும் தாமிரமும் கோபால்ட்டும் சேர்ந்த உருண்டைகள் சிதறிக் கிடக்கின்றன, அவை மனிதகுலம் முழுமைக்கும் பொதுச் சொத்து என்பது அதன் சாரம். அந்த உரையின் தொடர்ச்சிதான் 1973இல் தொடங்கி 1982வரை நீண்ட மூன்றாவது கடல் சட்ட மாநாடு.

சிங்கப்பூருக்கு இதில் உயிர்நாடிப் பிரச்சினை ஒன்று இருந்தது. எல்லா நாடும் தன் கடலை 12 மைலாக நீட்டினால், உலகின் நூற்றுக்கும் மேற்பட்ட நீரிணைகள் யாரோ ஒருவரின் கடலுக்குள் போய்விடும். மலாக்கா நீரிணையும் அதில் ஒன்று. கப்பல் வராத சிங்கப்பூர் வெறும் மீன்பிடித் தீவு. இன்னொரு பக்கம், மீனும் கனிமமும் கரை நாட்டுக்கே என்று சொல்லும் 200 மைல் பொருளாதார மண்டலத்தால் சிங்கப்பூருக்குக் காலணா லாபம் இல்லை. மலேசியாவும் இந்தோனேசியாவும் சுற்றி நிற்க, 200 மைல் எங்கே கிடைக்கும்? ஆகவே கடலே இல்லாத ஆஸ்திரியா போன்ற நாடுகளோடு சேர்ந்து ‘கொடுத்துவைக்காத நாடுகள்’ அணியில் கோ வேலை செய்தார். 200 மைல் தூரத்தை வைத்து அடித்துக்கொள்ள முடியாத குறுகிய கடலின் சிக்கல் ராமேஸ்வரத்துக்காரர்களுக்கும் தெரிந்ததுதான். இந்த மாநாடு கராகசில் கூடிய அதே 1974 ஜூனில்தான் இந்தியாவும் இலங்கையும் பாக் நீரிணையில் கோடு போட்டன. கச்சத்தீவு அந்தப் பக்கம் போனது.

மாநாட்டின் விதிகளில் முக்கியமானது, ஒத்த கருத்துக்கான எல்லா முயற்சியும் தீர்ந்த பிறகே வாக்கெடுப்பு என்பது. இரண்டாவது, எல்லாம் ஒரே மூட்டை: பிடித்ததை எடுத்துக்கொண்டு பிடிக்காததைத் தள்ள முடியாது. நீரிணையில் கப்பல் போகும் உரிமை வேண்டுமா, 200 மைலை ஒப்புக்கொள். 200 மைல் வேண்டுமா, கடலடிக் கனிமத்தைப் பங்கிட ஒப்புக்கொள். கேட்க எளிது. கனிமத்தில்தான் எல்லாம் சிக்கியது.

ஆழ்கடல் சுரங்கம் நடத்தும் நிறுவனம் உலகுக்கு எவ்வளவு கட்டணம் கட்ட வேண்டும்? இந்தக் கேள்விக்கான குழுவுக்குத் தலைமை கோவிடம் வந்தது. அவர் பொருளாதாரம் படித்தவர் அல்ல. அப்படி ஒரு தொழிலே உலகில் இல்லாததால், எவ்வளவு செலவாகும், எவ்வளவு லாபம் வரும் என்பது யாருக்கும் தெரியாது. வளரும் நாடுகள் முதலிலேயே பெரிய தொகை கேட்டன; பணக்கார நாடுகள் கட்டுப்படியாகாது என்றன. நியூயார்க்கில் குவேக்கர், மெதடிஸ்ட் கிறிஸ்தவ அமைப்புகள் ஏற்பாடு செய்த, குறிப்பெடுக்காத கூட்டங்களில் தூதர்கள் உட்கார்ந்து அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் செய்திருந்த ஒரு கணினிக் கணக்கைப் பார்த்தார்கள். தொடக்கத்திலேயே கறந்தால் தொழிலே தொடங்காது, லாபம் ஏற ஏறப் பங்கும் ஏறினால் இரு தரப்புக்கும் தேவலை என்பது அந்தக் கணக்கில் தெரிந்தது. அமெரிக்கர்கள் போட்ட கணக்கு என்ற சந்தேகம் முதலில் இல்லாமல் இல்லை. ஆனால் எண்ணை மாற்றிப் போட்டு யார் வேண்டுமானாலும் சோதிக்கலாம் என்றதும் அது தணிந்தது. கோ அந்த அடிப்படையில் ஒரு வாய்பாட்டை எழுதினார்: விண்ணப்பத்துக்கு 5 லட்சம் டாலர், வருடத்துக்கு 10 லட்சம் டாலர், அப்புறம் லாபத்தின் அளவைப் பொறுத்து ஏறும் பங்கு. கோர்ட்டில் நிபுணர் சாட்சியை ஒரு தரப்பு கூட்டிவரும், மறு தரப்பு குறுக்கு விசாரணை செய்து கிழிக்கும். இங்கே இரு தரப்புக்கும் ஒரே சாட்சி.

மாநாட்டின் தலைவராக அதுவரை இருந்தவர் இலங்கையின் ஷெர்லி அமரசிங்க. அவர் கதையும் விநோதம். கொழும்பில் ஆட்சி மாறியதும் அவர் தன் நாட்டுக் குழுவிலேயே இல்லாமல் போனார். நாட்டின் பிரதிநிதி அல்லாதவர் மாநாட்டுக்குத் தலைவராக இருக்கலாமா என்று 1978இல் ஜெனீவா கூட்டத்தில் பெரிய சர்ச்சை; கடைசியில் அவரே தொடரட்டும் என்று முடிவானது. 1980 டிசம்பரில், வேலை ஏறக்குறைய முடியும் நிலையில், அவர் காலமானார். 1981 மார்ச்சில் அந்த இடத்துக்குக் கோ தேர்வானார். அவர் வந்து உட்கார்ந்த அதே சமயம், வாஷிங்டனில் புதிதாகப் பதவியேற்ற ரீகன் அரசு, அமெரிக்கா அதுவரை ஒப்புக்கொண்ட எல்லாவற்றையும் மறுபரிசீலனை செய்யப்போவதாக அறிவித்துத் தன் பேச்சுவார்த்தைக் குழுவின் தலைமையையே மாற்றிவிட்டது.

ஒரு வருடம் காத்திருந்தார்கள். 1982 வசந்தத்தில் அமெரிக்கா நீண்ட திருத்தப் பட்டியலோடு வந்தது. நடுவில் நின்று பேசிப்பார்க்க நார்வே, கனடா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகள் ஒரு குழுவாகச் சேர்ந்தன. கோ சில திருத்தங்களை வாங்கிக் கொடுத்தார். போதவில்லை. ஏப்ரல் 30 அன்று அமெரிக்காவே வாக்கெடுப்பு கேட்டது. ஆதரவு 130, எதிர்ப்பு 4, நடுநிலை 17. எதிர்த்த நான்கு: அமெரிக்கா, இஸ்ரேல், துருக்கி, வெனிசுவேலா. அந்த வருடம் டிசம்பர் 10 அன்று ஜமைக்காவின் மான்டிகோ பேயில் முதல் நாளிலேயே 119 தரப்புகள் கையெழுத்திட்டன. 320 பிரிவுகள், 9 இணைப்புகள். கோ அதைப் ‘பெருங்கடல்களுக்கான அரசியல் சட்டம்’ என்று அழைத்தார், பெயர் ஒட்டிக்கொண்டது.

இதை வெற்றிக் கதையாக மட்டும் சொல்வது நியாயமில்லை. ஒத்த கருத்து வேண்டும் என்று ஒன்பது வருடம் பாடுபட்டு, கடைசியில் வாக்கெடுப்பில் முடிந்தது. சட்டம் நடைமுறைக்கு வர 1994 நவம்பர் 16வரை ஆனது. அதற்கும் முன், பணக்கார நாடுகளைச் சேர்ப்பதற்காக, கனிமம் பற்றிய பகுதியைத் திருத்தி அதே வருடம் ஜூலையில் தனி உடன்பாடு போட வேண்டியிருந்தது. அதில், இரவுகளைத் தின்று எழுதிய அந்தக் கட்டண வாய்பாட்டின் பெரும்பகுதி தூக்கி எறியப்பட்டது. அந்த உருண்டைகளை வணிக அளவில் இன்னும் யாரும் அள்ளவில்லை. அமெரிக்கா இன்னும் சேரவில்லை. ஆனால் நீரிணையில் கப்பல் போகிற உரிமை, 12 மைல், 200 மைல் எல்லாம் நிலைத்துவிட்டன. கையெழுத்துப் போடாத அமெரிக்காவின் கடற்படையும் அந்த விதிகளைச் சொல்லித்தான் போகிறது.

கோவின் ஐ.நா. வருடங்களில் எனக்கு நெருடலாகப்படுவது கம்போடியா. 1978 கடைசியில் வியட்நாம் படை கம்போடியாவுக்குள் புகுந்து போல் பாட் ஆட்சியை விரட்டியது. ஒரு சிறிய நாட்டுக்குள் பெரிய அண்டை நாடு படையோடு புகுந்து ஆட்சியை மாற்றுவதை ஒப்புக்கொண்டால் நாளை நம் கதி என்ன என்பது சிங்கப்பூரின் வாதம். படைகள் வெளியேற வேண்டும் என்ற ஆசியான் தீர்மானம் 1979 நவம்பரில் 91க்கு 21 என்று நிறைவேறியது. அதற்காக ஓடியாடியவர்களில் கோ முக்கியமானவர். வாதம் சட்டப்படி சரி. ஆனால் அதன் விளைவாக ஐ.நா.வில் கம்போடியாவின் நாற்காலி, லட்சக்கணக்கானவர்களைக் கொன்ற தரப்பிடமே இருந்தது. கொள்கைக்காகக் கொலைகாரருக்கு நாற்காலி பிடித்துக் கொடுக்க வேண்டியிருந்த சங்கடத்தை எந்தச் சட்டப் புத்தகமும் தீர்க்காது.

அந்தக் கொள்கை வசதிக்காகச் சொன்னது அல்ல என்பதற்கு 1983 அக்டோபர் சான்று. அமெரிக்கப் படை கிரெனடா என்ற சின்னத் தீவில் இறங்கியது. அமெரிக்கா நண்பன். இருந்தும் அந்தப் படையெடுப்பைக் கண்டித்த ஐ.நா. பொதுச்சபைத் தீர்மானத்துக்குச் சிங்கப்பூர் ஆதரவாக வாக்களித்தது. கிரெனடாவைப் பொறுத்துக்கொண்டால் கம்போடியாவைப் பற்றிப் பேச நமக்கு என்ன யோக்கியதை என்பதுதான் கோ அங்கே வைத்த கேள்வி. மறுவருடம் அவரை எங்கே அனுப்பினார்கள் தெரியுமா? வாஷிங்டனுக்கு, தூதராக. 1990வரை அங்கே இருந்தார்.

அடுத்தது சுற்றுச்சூழல். 1992 ஜூனில் ரியோ டி ஜெனிரோவில் நடந்த புவி உச்சி மாநாட்டுக்கான ஆயத்தக் குழுவுக்கும், மாநாட்டின் முதன்மைக் குழுவுக்கும் அவரே தலைவர். நாற்பது அத்தியாயம் கொண்ட செயல்திட்டம் ஒன்று அங்கே ஒத்த கருத்தோடு நிறைவேறியது. கடலில் கற்ற வித்தையை நிலத்தில் காட்டினார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

2000 நவம்பரில் புருணையில் அமெரிக்க அதிபர் கிளிண்டனும் சிங்கப்பூர்ப் பிரதமர் கோ சோக் டோங்கும் இரவு விருந்துக்குப் பிறகு கோல்ஃப் ஆடியபோது, இரு நாட்டுக்கும் தடையற்ற வர்த்தக உடன்பாடு போடலாம் என்று பேசி முடித்தார்கள். தலைவர்கள் ஆடி முடித்த பிறகு அதிகாரிகளுக்கு இரண்டு வருட வேலை. சிங்கப்பூர்த் தரப்புக்குத் தலைமை டாமி கோ. அதில் வந்து சிக்கிய ஒரு பொருள் சூயிங்கம். 1992 முதல் சிங்கப்பூரில் அதற்குத் தடை. சூயிங்கம் தயாரிக்கும் ரிக்லி நிறுவனம் இருக்கும் இல்லினாய்ஸ் மாநிலத்தின் நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் விடாப்பிடியாக நிற்க, மருத்துவப் பயன் உள்ள சூயிங்கத்தை மட்டும் மருந்தாளர், பல் மருத்துவர் மூலம் விற்கலாம் என்று வழி கண்டார்கள். தடையும் நின்றது, கம்பெனியும் உள்ளே வந்தது. உடன்பாடு 2003 மே மாதம் கையெழுத்தானது.

உள்ளூரில் அவர் அரசுக்கு ஆமாம் சாமி போட்டவர் அல்ல. ஓரினச் சேர்க்கையைக் குற்றமாக்கிய 377ஏ பிரிவை நீதிமன்றத்தில் மறுபடி எதிர்த்துப் பாருங்கள் என்று 2018இல் வெளிப்படையாக எழுதினார். 2022இல் நாடாளுமன்றம் அந்தப் பிரிவை நீக்கியது. ஜால்ரா போடுகிறவர்கள் வேண்டாம், அன்போடு குறை சொல்கிறவர்கள் வேண்டும் என்று 2019இல் அவர் பேசியது சிங்கப்பூரில் இன்றும் அடிக்கடி மேற்கோளாக வருகிறது. சொல்லும் இடத்திலிருந்து சொல்கிற வசதி அவருக்கு இருந்தது என்பதும் உண்மை.

சரி, நீதிமன்றத்துக்கு வருவோம். பாறை வழக்குக்கு முன்பே 2003இல், சிங்கப்பூர் கடலைத் தூர்த்து நிலமாக்குவதை நிறுத்தச் சொல்லி மலேசியா ஹம்பர்க்கில் உள்ள அனைத்துலகக் கடல் சட்டத் தீர்ப்பாயத்துக்குப் போனது. அந்தத் தீர்ப்பாயம் 1982 சட்டத்தால் உருவானது. தான் தலைமையேற்று முடித்த சட்டம் பெற்ற நீதிமன்றத்தில், தன் நாட்டுக்காகக் கோவே போய் நிற்க வேண்டி வந்தது! வேலையை நிறுத்த வேண்டும் என்ற கோரிக்கையைத் தீர்ப்பாயம் ஏற்கவில்லை. இரு தரப்பும் சேர்ந்து நிபுணர் குழு அமைத்து ஒரு வருடத்தில் ஆராயுங்கள் என்றது. மறுபடியும் இரு தரப்புக்கும் ஒரே சாட்சி. 2005 ஏப்ரலில் சமரசமாக முடிந்தது.

பாறைக்கு மட்டும் சமரசம் சாத்தியப்படவில்லை. பாறையை எப்படிப் பாதியாக வெட்டுவது? சிங்கப்பூரிலிருந்து 24 கடல் மைல், மலேசியாவின் ஜோகூர் மாநிலத்திலிருந்து 7.7. 1850களின் தொடக்கத்திலிருந்து ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கம் அங்கே நிற்கிறது. நடத்தி வருவது சிங்கப்பூர். 1979இல் மலேசியா தன் வரைபடத்தில் பாறையைச் சேர்த்தபோது தகராறு வெடித்தது. எப்படித் தீர்ப்பு வந்தாலும் ஏற்போம் என்று முன்கூட்டியே ஒப்பந்தம் போட்டு 2003இல் நீதிமன்றத்துக்குப் போனார்கள். வழக்கின் மையத்தில் இருந்தது ஒரு பழைய கடிதம். பாறை யாருடையது என்று 1953இல் சிங்கப்பூரின் காலனி அரசு கேட்டதற்கு, ஜோகூரின் தற்காலிகச் செயலர் அதன் மீது ஜோகூர் அரசு உரிமை கோரவில்லை என்று ஒரே வரியில் பதில் எழுதியிருந்தார். பாறை முதலில் ஜோகூர் சுல்தானுடையது என்பதை நீதிபதிகள் ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் அந்தக் கடிதமும் அதற்குப் பிந்தைய இரு தரப்பின் நடத்தையும் 1980க்குள் உரிமையைச் சிங்கப்பூருக்கு மாற்றிவிட்டன என்றார்கள்.

2008 மே 23 அன்று தீர்ப்பு: பெத்ரா பிராங்கா 12க்கு 4 என்ற கணக்கில் சிங்கப்பூருக்கு, அருகில் உள்ள மிடில் ராக்ஸ் பாறைகள் மலேசியாவுக்கு. மூன்றாவதாக சவுத் லெட்ஜ் என்று ஒன்று, நீர் வற்றும்போது மட்டும் தலைகாட்டும் திட்டு. அது யாருடைய கடலுக்குள் வருகிறதோ அவருக்கே என்று நீதிமன்றம் விட்டுவிட்டது. புதிய ஆவணங்கள் கிடைத்ததாகச் சொல்லி 2017இல் தீர்ப்பைத் திருத்தக் கோரிய மலேசியா, 2018இல் ஆட்சி மாறியதும் அந்த மனுவைத் திரும்பப் பெற்றது. அந்தத் திட்டு யாருக்கு என்று சொல்லக் கடலில் ஒரு கோடு வரைய வேண்டும். அதற்காக இரு நாடுகளும் போட்ட கூட்டுக் குழு இன்னும் கோட்டை வரைந்து முடிக்கவில்லை.